நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஜேர்வெ என்றால் எங்கள் மொழியில் நாரை.
அந்தப் பெயர்கொண்ட ஆள் எழுதியதை வாசிக்க
விரலும் நாரைக்கால் நீளம் வேண்டுமென்று
ரீகாவில் பியானோ தொட்ட எல்லோரும் சொல்வார்கள்.
“பத்து வருடம் போகட்டும்” என்றாள் அக்னேஸெ.
புதன்தோறும் எனக்குச் சொல்லிக்கொடுப்பவள்,
என் வயதில் பாதி.
எனக்கு ஐம்பத்திரண்டு. லிஃப்ட் பழுதுபார்க்கிறேன்.
பத்து வருடம் கழித்து
என் விரல்களில் எத்தனை மிஞ்சுமென்று
அவளுக்கு யார் சொன்னது?

நவம்பர். நான்கு மணிக்கே இருட்டு.
நூலகத்தில் அவருடைய மொத்தத் தொகுப்பு,
செங்கல் கனம்.
முதல் பக்கத்தைத் திறந்தேன், மூடினேன்.
ஏதோ ஒரு பையன்
எல்லாத் தளத்துப் பொத்தானையும்
ஒரே உள்ளங்கையால் அழுத்தியதுபோல
அவ்வளவு கறுப்பு.

பிறகு, எழுத்தறியாதவன் படம் பார்ப்பதுபோலப்
பின்னாலிருந்து புரட்டினேன்,
வெள்ளை தேடி.

நூற்றுப் பன்னிரண்டில் இருந்தது.
ஒரே பக்கம். இருபத்தொரு கட்டம்.
தலைப்புகூட இல்லை, வெறும் எண்.
மேலே “மெதுவாக” என்று ஒரு சொல்.
பனி விழுந்த முற்றத்தில் யாரோ
ரொட்டி வாங்கப் போய்வந்த தடம் மாதிரி
இடைவெளி விட்டு இடைவெளி விட்டுச் சுரங்கள்.
அந்த மனிதருக்கும் ஒருநாள்
யாரையும் மிரட்டத் தோன்றாமல் இருந்திருக்கிறது.

டிராமுக்கு நிற்கையில்தான் பார்த்தேன்:
சுரங்களின் தலைக்குமேல் பென்சில் எண்கள்.
கட்டைவிரலுக்கு ஒன்று, சுண்டுவிரலுக்கு ஐந்து.
எனக்குத் தேவைப்படாத இடத்திலும்
விரல் மாற்றியிருந்தது. சிறிய கை.
ஒன்பதாம் கட்டத்தில் ரஷ்ய மொழியில்,
“அவசரப்படாதே, முட்டாளே.”
பின்னட்டைச் சீட்டில் கடைசி முத்திரை
எண்பத்தாறு மார்ச்.
டிராம் வந்து, கதவு திறந்து, போய்விட்டது.

மூன்று வாரம்.
எங்கள் பியானோவில் ஒரு கட்டை
ஈரம் பட்டால் எழுந்திருக்காது,
விரல் நுனியால் கிள்ளித் தூக்கவேண்டும்.
அதையும் சேர்த்தே தாளம் பழகினேன்.
முதல் எட்டுக் கட்டம் வந்த இரவு
விஸ்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்,
“இது நிஜமாகவே ஜேர்வெயா,
இல்லை என்னை ஏமாற்றுகிறாயா?”

பதினேழில் பென்சில் நின்றுவிடுகிறது.

இடதுகை அங்கே பத்துக் கட்டை அகலம் விரியவேண்டும்.
நாரை திரும்பி வந்துவிட்டது.
எண் எழுதி அழித்து, எழுதி அழித்து
காகிதம் அந்த இடத்தில்
வெங்காயத் தோல்போல் மெலிந்திருந்தது.
தவணை முடிந்ததா, ஊர் மாறியதா,
கை வலித்ததா, தெரியாது.
நானும் அங்கேயே நின்றேன்.
“முடிந்துவிட்டதா, இல்லை
நின்றுவிட்டதா?” என்பாள் விஸ்மா
ஒவ்வொரு இரவும், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே.

ஒரு வியாழன், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
அந்தரத்தில் மாட்டிய கூண்டின் கூரைமேல்
முழங்காலிட்டிருந்தேன்.
பிரேக் கடித்துப் பிடித்திருந்தது.
கீழே விழாது என்று தெரிந்தபின்
மேலே எட்டுவது பெரிய விஷயமில்லை.
ஸ்பேனரைப் பையில் போட்டுவிட்டுச்
சிரித்தேன். உள்ளே மாட்டியிருந்தவர்
என்னைத் திட்டினார்.

கீழ்ச்சுரத்தைச் சுண்டுவிரலால் தொடு.
மிதியை அழுத்து. அது பிடித்துக்கொள்ளும்.
கையை எடுத்துக்கொண்டு
மேல்சுரத்துக்கு நடந்தே போ.

அக்னேஸெ கேட்டாள்.
“அங்கே இரண்டையும் ஒன்றாக அடிக்கவேண்டும்.”
தெரியும் என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்திருந்தவள்
“பதினாறிலிருந்து இன்னொரு தடவை” என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.
போகும்போது
மேலங்கிப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு போனாள்.

நாளை புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டும்.
பென்சில் குறிகளை அழித்துத் தரவும் என்று
முன்னட்டையில் ஒட்டியிருக்கிறார்கள்.
அழிப்பான் ஒன்று வாங்கிவைத்தேன்.
பதினேழாம் கட்டத்தில்,
காகிதம் கிழியாதபடி மெல்ல,
ஐந்து, மிதி, ஒன்று என்று எழுதினேன்.
அதன் பக்கத்தில், ரஷ்ய மொழியிலேயே,
எழுத்துப் பிழையோடு:
“அவசரமில்லை.”